பழமைவாதம் உண்மையில் என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பம், மதம், குடியேற்றம், வரி, கல்வி, கருத்துச் சுதந்திரம் என்று இன்று எதைப் பற்றி விவாதம் எழுந்தாலும் ஒரு தரப்பினருக்குப் பழமைவாதிகள் என்ற பெயர் வந்துவிடுகிறது. சிலர் அந்தப் பெயரைப் பெருமையோடு ஏற்கிறார்கள். சிலருக்கு அது பிறர் குத்திய முத்திரை. எந்தத் துறையானாலும், ஒரு மாற்றம் நல்லது என்று நிரூபிக்கும் பொறுப்பு அதைக் கோருபவருக்கே உரியது என்பது அவர்களின் அடிப்படை வாதம். அந்த வாதம் எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதையே கீழே உள்ள பதில்கள் ஆராய்கின்றன.

பழமைவாதி என்றால் எந்த மாற்றத்தையும் ஏற்காதவர் என்று பொருளா?

இல்லை. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்குத் தொடக்க ஆவணமாகக் கருதப்படுவது, 1834இல் ராபர்ட் பீல் தம் டாம்வொர்த் தொகுதி வாக்காளர்களுக்கு வெளியிட்ட அறிக்கை. வாக்குரிமையை விரிவாக்கிய 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்தவர் அவர். ஆயினும் அந்த அறிக்கையில், அது தீர்ந்துபோன விவகாரம் என்றும், அதைத் திரும்பக் கிளறப்போவதில்லை என்றும், நிறுவனங்களில் குறை உண்டென்று உறுதியானால் அவற்றைத் திருத்தத் தயார் என்றும் எழுதினார். நேற்று எதிர்த்ததை இன்று ஏற்றுக்கொண்டு நாளை அதையே காத்து நிற்பது பழமைவாதக் கட்சிகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. எதிராளிகள் இதைக் கொள்கையின்மை என்று கேலி செய்வார்கள். தோற்ற தரப்பு தோல்வியை ஏற்றுக்கொண்டு ஆட்சிமுறைக்குள்ளேயே தொடர்வது மக்களாட்சிக்கு எவ்வளவு தேவை என்பதை நினைத்தால் அந்தக் கேலியில் பாதி நியாயம்தான் மிஞ்சும்.

இந்தச் சிந்தனை எங்கே தொடங்கியது?

மரபைப் போற்றும் மனநிலைக்குத் தொடக்கம் தேட முடியாது. அரசியல் சிந்தனையாக அதற்கு வடிவம் கொடுத்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் எட்மண்ட் பர்க். டப்ளினில் பிறந்து பிரிட்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790இல் ஒரு நூல் எழுதினார். அரசரின் தலை கொய்யப்படுவதற்கும் பயங்கர ஆட்சிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே, இந்தக் குழப்பத்தின் முடிவில் படையைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் வந்து எல்லாவற்றையும் கைப்பற்றுவார் என்று அதில் சொல்லியிருந்தார். 1799இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்தக் கணிப்பு பலருக்கு நினைவுக்கு வந்தது.

பர்க்கைப் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிடுவோர் அவருடைய மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளில் நியாயம் இருப்பதாக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் அவர். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கொடுமைகளுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது கொண்டுவரப்பட்ட வழக்கை முன்னின்று நடத்தியவரும் அவரே. 1788 முதல் 1795 வரை நீண்ட அந்த விசாரணையில் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார். ஒரு சமூகம் பல தலைமுறைகளாகக் கட்டியெழுப்பியதைச் சில ஆண்டுகளில் இடித்துத் தள்ளுவது பாரிஸில் நடந்தாலும் வங்காளத்தில் நடந்தாலும் அவருக்கு ஒரே குற்றமாகவே பட்டது. மாற்றத்துக்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று எழுதியவரும் அவர்தான்.

காரணமே தெரியாத ஒரு வழக்கத்தை ஏன் காப்பாற்ற வேண்டும்?

இதற்குப் பழமைவாதிகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் உவமை, ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் 1929இல் சொன்னது. சாலையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. இதனால் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை, எனவே அகற்றிவிடலாம் என்கிறார் ஒருவர். பயன் தெரியாதவரை அதில் கைவைக்க விடமாட்டேன், போய் யோசித்து அது எதற்காக வைக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு அகற்ற அனுமதிக்கலாம் என்கிறார் மற்றவர். இந்த உவமையை எடுத்தாள்பவர்கள் பலர் கடைசிப் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்த பிறகு, அந்தக் காரணம் இப்போது இல்லை அல்லது தொடக்கத்திலேயே அநியாயமானது என்று தெரிந்தால் வேலியை அகற்றலாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

சீனாவில் 1958இல் தொடங்கிய நான்கு தீங்குயிர் ஒழிப்பு இயக்கத்தில் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு தானியத்தைத் தின்னும் சிட்டுக்குருவியும் சேர்க்கப்பட்டது. மக்கள் திரண்டு பறையும் பாத்திரமும் தட்டிக் குருவிகளை எங்கும் உட்காரவிடாமல் விரட்ட, அவை பறந்து பறந்து களைத்து விழுந்து இறந்தன. குருவி தானியத்தோடு பூச்சிகளையும் தின்றுவந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பூச்சிகள் பெருகிய பிறகு, 1960இல் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளின் பெரும்பஞ்சத்துக்கு இதைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. எனினும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணி நாடு முழுவதற்கும் ஆணையிடுவதன் ஆபத்து இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் நல்ல எண்ணத்தோடு வல்லுநர்கள் திட்டமிடுவதில் என்ன தவறு இருக்க முடியும்?

பழமைவாதிகள் சந்தேகிப்பது எண்ணத்தை அன்று, அறிவின் அளவை. அவர்கள் சுட்டும் உதாரணங்களில் விரிவாகப் பார்க்கத் தக்கது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களின் நடுவில் எழுந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பு. பழைய குடிசைப் பகுதியை அப்புறப்படுத்தி, பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்களில் 2,800க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காமல் சில தளங்களில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் அங்கே இறங்கிப் படியேறியோ படியிறங்கியோ வீட்டுக்குப் போக வேண்டும். அந்தத் தளங்களின் நீண்ட நடைகூடங்களில் அக்கம்பக்கத்தார் சந்திப்பார்கள், குழந்தைகள் விளையாடுவார்கள் என்பது கட்டடக் கலைஞர்களின் கனவு. நடந்தது வேறு. யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கூடங்களும் படிக்கட்டுகளும் வழிப்பறிக்கு வசதியான இடங்களாயின. 1972இல் வெடிவைத்துத் தகர்க்கும் பணி தொடங்கி, சில ஆண்டுகளில் முழு வளாகமும் தரைமட்டமானது.

பழைய தெருவில் திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எந்தச் சம்பளமும் வாங்காமல் செய்துவந்த காவல் எந்த வரைபடத்திலும் இல்லாததால், அதை அழித்தது திட்டமிட்டவர்களுக்குத் தெரியவே இல்லை என்பது பழமைவாதிகளின் விளக்கம். எனக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது. ஆனால் முழு உண்மையாகப் படவில்லை. பராமரிப்புச் செலவை ஏழைகளின் வாடகையிலிருந்தே ஈட்ட வேண்டும் என்ற விதியும், நகரத்தின் மக்கள்தொகை வேகமாகக் குறைந்ததும், கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த குடியிருப்புக் கொள்கையும் அந்த வீழ்ச்சியில் பங்குபெற்றன. திட்டமிடல் தோற்றதா, திட்டத்துக்குப் பணம் தராமல் தோற்கடித்தார்களா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

இந்த வாதமெல்லாம் ஆதிக்கத்தில் இருப்பவர்களைக் காக்கத்தானே பயன்படுகிறது?

பழமைவாதத்துக்கு எதிரான கேள்விகளில் இதுவே மிகக் கனமானது. நிரூபிக்கும் பொறுப்பு மாற்றம் கேட்பவருக்கு என்று வைத்துவிட்டால், நிரூபித்து முடியும்வரை காத்திருப்பதன் விலையை யார் கொடுப்பது? இப்போதைய ஏற்பாட்டில் வசதியாக இருப்பவர் கொடுப்பதில்லை. அதனால் அவதிப்படுபவரே கொடுக்கிறார்.

அமெரிக்காவின் நவீனப் பழமைவாத இயக்கத்துக்கு அடித்தளமிட்ட இதழ் 1955இல் வில்லியம் பக்லி தொடங்கிய நேஷனல் ரிவ்யூ. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்களிக்கவிடாமல் தடுக்கப்பட்டுவந்த காலத்தில், 1957இல் அந்த இதழின் தலையங்கம் வெள்ளையரின் மேலாண்மையை நியாயப்படுத்தியது. படிப்படியாக, தானாகவே, நிலைமை சீராகும் என்பது அன்றைய நம்பிக்கை. பல பத்தாண்டுகள் கழித்து 2004இல் பக்லியே அந்த நம்பிக்கை தவறு, மத்திய அரசு தலையிட்டது அவசியமே என்று ஒப்புக்கொண்டார். இன ஒதுக்கலைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தை, அவ்வாண்டு பழமைவாதிகளின் நாயகனாகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பாரி கோல்ட்வாட்டர், மாநில உரிமையைக் காரணம் காட்டி எதிர்த்து வாக்களித்தார். அதே குடியரசுக் கட்சியின் மேலவைத் தலைவர் எவரெட் டர்க்சன்தான் அச்சட்டம் நிறைவேறத் தேவையான வாக்குகளைத் திரட்டியவர்களில் முதன்மையானவர். செனட்டில் குடியரசுக் கட்சியினரில் 27 பேர் ஆதரித்தார்கள், ஆறு பேர் எதிர்த்தார்கள்.

பழமைவாதத்துக்குள் இரண்டு போக்குகள் எப்போதும் இருந்துவந்திருக்கின்றன என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஒன்று, நம் அறிவுக்கு எல்லை உண்டு என்ற அடக்கத்திலிருந்து பிறக்கிறது. மற்றொன்று, கையில் இருப்பதை இழக்க மனமில்லாமையிலிருந்து பிறந்து, முதலாவதின் மொழியைக் கடன்வாங்கிப் பேசுகிறது. இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்பவரிடம், எந்த ஆதாரம் கிடைத்தால் சம்மதிப்பீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லக்கூடியவர் முதல் வகை. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை 1928இல் ஸ்டான்லி பால்ட்வினின் கன்சர்வேட்டிவ் அரசிடமிருந்து கிடைத்தது. 1918இல் முப்பது வயது நிரம்பிய பெண்களில் ஒரு பகுதியினர் வாக்களிக்கத் தொடங்கி, அதனால் நாடு கவிழ்ந்துவிடவில்லை என்று பத்தாண்டுகள் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. பத்தாண்டுகள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அன்றைய இளம்பெண் ஒருத்தி கேட்டிருந்தால், அதற்கு நேர்மையான பதில் எதுவும் இருந்திருக்காது.

குடும்பத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

அரசுக்கும் சந்தைக்கும் முந்தியது குடும்பம் என்பது அவர்களின் நிலைப்பாடு. குழந்தையை வளர்ப்பதும், நோயாளியைப் பார்த்துக்கொள்வதும், முதியவருக்குத் துணையிருப்பதும் அன்பினாலும் கடமையுணர்ச்சியாலும் நடக்கும் இடம் அது. அதே வேலையை அரசு ஊழியரைக் கொண்டு செய்தால் செலவு கூடும், பரிவு குறையும் என்கிறார்கள். திருமண முறிவுகளையும் குறைந்துவரும் பிறப்பு விகிதத்தையும் பற்றிய அவர்களின் கவலைக்கு இதுவே வேர்.

தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023இல் 0.72ஆகக் குறைந்தது. மக்கள்தொகை நிலையாக இருக்க இது 2.1 அளவில் இருக்க வேண்டும். ஹங்கேரியில் விக்டர் ஓர்பானின் அரசு குடும்பங்களுக்குப் பெரும் சலுகைகளை அறிவித்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை வளர்த்த தாய்மார்களுக்கு 2020 முதல் வாழ்நாள் முழுவதும் வருமான வரி இல்லை. 2011இல் 1.2ஐ ஒட்டியிருந்த விகிதம் 2021இல் 1.6 அளவுக்கு உயர்ந்து, பிறகு மீண்டும் சரிந்தது. பணத்தைக் கொட்டினால் தொட்டில் ஆடும் என்று எளிதாக நம்புவோருக்கு இது நல்ல செய்தியாக இல்லை.

குடும்பம் புகலிடமாக இருப்பதுபோலவே அடக்குமுறையின் இடமாகவும் இருக்கக்கூடும் என்பதும், பரிவு என்று போற்றப்படும் வேலையில் பெரும்பகுதி பெண்களின் தலையில் ஊதியமின்றிச் சுமத்தப்பட்டது என்பதும் எதிர்த்தரப்பின் பதில். பல பழமைவாத எழுத்துகள் இதைத் தொடாமலே தாண்டிச் செல்கின்றன. அது அவற்றின் பலவீனம்.

ஒரே பாலினத் திருமணத்தில் எல்லாப் பழமைவாதிகளும் ஒரே நிலைப்பாட்டில் இருக்கிறார்களா?

இல்லை. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் 2011இல் தம் கட்சி மாநாட்டில், பழமைவாதியாக இருந்தும் இதை ஆதரிப்பதாக எண்ணாதீர்கள், பழமைவாதியாக இருப்பதனாலேயே ஆதரிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். திருமணம் மனிதர்களைப் பொறுப்போடு பிணைக்கும் நல்ல நிறுவனம் என்றால், அதில் நுழைய விரும்புவோரை வாசலில் நிறுத்துவது அந்த நிறுவனத்துக்கே நட்டம் என்பது அவர் தரப்பு வாதம். 2013இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் கீழவையின் முதன்மை வாக்கெடுப்பில் அவர் கட்சி உறுப்பினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். ஆண், பெண், அவர்களின் குழந்தை என்ற பிணைப்புக்காகவே திருமணம் என்ற நிறுவனம் உருவானது, அந்த அடிப்படையை அரசு திருத்தி எழுதக் கூடாது என்பது எதிர்த்தவர்களின் கருத்து.

பாலின அடையாளம் குறித்த மருத்துவ விவாதத்தில்?

இங்கே நிரூபிக்கும் பொறுப்பு என்ற வாதம் நேரடியாக வருகிறது. இங்கிலாந்தில் குழந்தைநல மருத்துவர் ஹிலரி காஸ் தலைமையிலான ஆய்வு 2024 ஏப்ரலில் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளைப் பதின்பருவத்தினருக்குத் தருவதற்கான ஆதாரங்கள் வலுவற்றவை என்று அது கண்டது. பழமைவாதிகள் அதைத் தங்கள் எச்சரிக்கைக்குக் கிடைத்த சான்றாகக் கொண்டார்கள். ஆதாரம் போதவில்லை என்பதும் தீங்கு நிரூபணமாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல, சிகிச்சையை மறுப்பதாலும் இளையோர் துன்புறுகிறார்கள் என்று திருநர் அமைப்புகளும் மருத்துவர்களில் ஒரு பகுதியினரும் மறுத்தார்கள். அந்த அறிக்கை அந்த இளையோரைக் கண்ணியத்தோடும் அக்கறையோடும் நடத்த வேண்டும் என்று வற்புறுத்தியதை இரு தரப்பிலும் உரத்துப் பேசுவோர் படித்ததாகத் தெரியவில்லை.

கருக்கலைப்பு?

கருவும் ஓர் உயிர், அதைக் காக்கும் கடமை சமூகத்துக்கு உண்டு என்பது பெரும்பாலான மதச்சார்புப் பழமைவாதிகளின் உறுதியான நம்பிக்கை. பெண்ணின் உடல்மீது பெண்ணுக்கே முடிவெடுக்கும் உரிமை என்பது மறுதரப்பு. இரண்டும் அடிப்படை நம்பிக்கைகளாக இருப்பதால் நடுவழி எளிதில் கிடைப்பதில்லை. கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதும் உறுதிசெய்து 1973இல் வழங்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று ரத்துசெய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. அதற்குச் சில வாரங்களில், வழக்கமாகக் குடியரசுக் கட்சியை ஆதரிக்கும் கன்சாஸ் மாநிலத்தில், மாநில அரசமைப்பிலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்குவதற்கான வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் நீக்க வேண்டாம் என்றார்கள்.

ஒழுக்கத்தைச் சட்டத்தால் காக்க முடியுமா?

பழமைவாதிகளுக்குள்ளேயே தீராத சண்டை இது. ஒருபாலினத்தாரின் தனிப்பட்ட உறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று பிரிட்டனின் வுல்ஃபென்டன் குழு 1957இல் பரிந்துரைத்தது. பொது ஒழுக்கம் சமூகத்தைக் கட்டிவைத்திருப்பது, தேசத்துரோகத்தைத் தண்டிப்பதுபோல் ஒழுக்கக்கேட்டையும் தண்டிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று நீதிபதி பேட்ரிக் டெவ்லின் 1959இல் ஓர் உரையில் வாதிட்டார். தத்துவ அறிஞர் எச். எல். ஏ. ஹார்ட் அதை மறுத்தார். பிறருக்குத் தீங்கில்லாத செயலில் சட்டத்துக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. 1967இல் சட்டம் மாறியது. அந்த மாற்றத்துக்கு வழிவகுத்த வாக்கெடுப்பில் ஆதரவாக நின்ற சில கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களில் மார்கரெட் தாட்சரும் ஒருவர்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடந்த மதுவிலக்கு மற்றொரு பாடம். அரசமைப்பையே திருத்திக் கொண்டுவந்த தடை கள்ளச்சந்தையையும் கொலைக் கும்பல்களையும் வளர்த்து, இன்னொரு அரசமைப்புத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அதை ஆதரித்தவர்களில் மதப்பற்றாளர்களும் இருந்தார்கள், முற்போக்குச் சீர்திருத்தவாதிகளும் இருந்தார்கள்.

சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிப்பது பழமைவாதத்தின் பகுதிதானா?

பழமைவாதிகளில் பலருக்கு ஆம். ஆனால் இந்தக் கூட்டணி இயல்பானது என்று எண்ணிவிட வேண்டாம். சந்தையைப்போல் பழைய வழக்கங்களை வேகமாகக் கரைக்கும் சக்தி வேறில்லை. ஜெர்மனியின் பழமைவாத ஆட்சித்தலைவர் பிஸ்மார்க், சோஷலிஸ்டுகளின் வளர்ச்சியைத் தடுக்கும் நோக்கோடு, 1883இல் மருத்துவக் காப்பீட்டையும் 1884இல் விபத்துக் காப்பீட்டையும் 1889இல் முதியோர் ஓய்வூதியத்தையும் கொண்டுவந்தார். சந்தையின் பெரும் ஆதரவாளரான பொருளியலறிஞர் ஹாயெக், தாம் ஏன் பழமைவாதி அல்ல என்று 1960இல் தனிக்கட்டுரையே எழுதினார். இந்தியாவில் ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சி, கூட்டுறவுப் பண்ணை முறையையும், அவர் பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்று கண்டித்த கட்டுப்பாடுகளையும் எதிர்த்து, 1967 மக்களவைத் தேர்தலில் 44 இடங்களைப் பிடித்தது. அதன் மேடையில் சந்தைச் சுதந்திரம் பேசிய தொழிலதிபர்களும், பழைய அரச குடும்பத்தினரும், விவசாயிகளும் அருகருகே நின்றார்கள்.

1980களில் பிரிட்டன் பிரதமர் தாட்சரும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனும் சந்தையையும் மரபையும் ஒரே வண்டியில் பூட்டினார்கள். இன்று அந்தப் பூட்டு தளர்ந்திருக்கிறது. டொனால்ட் டிரம்ப் 2025இல் உலகின் பெரும்பாலான நாடுகளின் பொருள்கள்மீது விதித்த இறக்குமதி வரிகளை, தடையற்ற வணிகமே உயிர்மூச்சு என்று முப்பது ஆண்டுகள் பேசிவந்த கட்சியினரே கைதட்டி வரவேற்றார்கள். மூடிய தொழிற்சாலைகளோடு சேர்ந்து குடும்பங்களும் தேவாலயங்களும் சிதைந்த சிற்றூர்களைப் பார்த்த பிறகு ஏற்பட்ட மனமாற்றம் என்று அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தலைவர் எவ்வழி தொண்டர் அவ்வழி என்பதும் இருக்கிறது.

குடியேற்றத்தை எதிர்ப்பது இனவெறி ஆகாதா?

சிலரிடம் அதுதான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வாதமாக எடுத்துக்கொண்டால் அவர்கள் பேசுவது வேகத்தைப் பற்றி. அறிமுகமில்லாதவர்கள் ஒருவரையொருவர் நம்பி வரி செலுத்தி, பொது மருத்துவமனையைப் பகிர்ந்துகொள்ளப் பொதுவான மொழியும் பழக்கமும் வேண்டும், அவை உருவாகக் காலம் பிடிக்கும் என்கிறார்கள். டென்மார்க்கில் மெட்டே ஃப்ரெடரிக்சன் தலைமையிலான சமூக ஜனநாயகக் கட்சி, நலத்திட்டங்களைக் காக்க வேண்டும் என்ற இதே காரணத்தைச் சொல்லிக் கடுமையான குடியேற்றக் கொள்கையோடு 2019இல் ஆட்சிக்கு வந்தது. மறுபுறம், 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் ஆவணமில்லாமல் வாழ்ந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ நிலை வழங்கியது. உழைப்பும் குடும்பப் பற்றும் இறைநம்பிக்கையும் கொண்டு வருபவர்களை வரவேற்பதே பழமைவாதம் என்று கருதியவர்களும் உண்டு.

பழமைவாதியாக இருக்க மதநம்பிக்கை தேவையா?

தேவையில்லை. நாத்திகரான பழமைவாதிகள் பலர் இருந்திருக்கிறார்கள். மதம் உண்மையா என்பதைவிட, அது சமூகத்துக்குச் செய்துவந்த வேலையை வேறு எது செய்யும் என்பது அவர்களின் கேள்வி. நம்பிக்கையாளருக்கு இந்த அணுகுமுறை கசப்பாகத்தான் இருக்கும்.

சுற்றுச்சூழலைக் காப்பது பழமைவாதிகளின் வேலையாக இருக்க வேண்டாமா?

இருந்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970இல், குடியரசுக் கட்சியின் நிக்சன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில் உருவானது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டுக்கு ரீகன் அரசு ஆதரவளித்தது. வேதியியல் படித்தவரான தாட்சர் 1989 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் புவி வெப்பமடைவதைப் பற்றியே பேசினார். சமூகம் என்பது வாழ்பவர், இறந்தவர், இனிப் பிறப்பவர் ஆகியோருக்கிடையிலான உடன்படிக்கை என்று பர்க் சொன்னதை மேற்கோள் காட்டுபவர்கள், இனிப் பிறப்பவர் விஷயத்தில் இவ்வளவு அலட்சியமாக இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. கட்டுப்பாடுகளால் தொழிலுக்கு நேரும் செலவு உண்மையானதே. அதைப் பற்றி வாதிடலாம். அறிவியலையே மறுப்பதை எந்த மரபும் கற்பிக்கவில்லை.

கருத்துச் சுதந்திரம் பேசுகிறவர்களே நூல்களை அகற்றச் சொல்வது எப்படி?

முரண்பாடுதான். பல்கலைக்கழகங்களிலும் பணியிடங்களிலும் மாற்றுக்கருத்துச் சொன்னால் வேலை போகிறது, அழைத்த பேச்சாளரை வரவிடாமல் கூச்சலிடுகிறார்கள் என்ற பழமைவாதிகளின் குறை கற்பனையன்று. ஆனால் அமெரிக்காவில் பள்ளி நூலகங்களிலிருந்து நூல்களை நீக்கக் கோரும் இயக்கங்களில் பெரும்பாலானவற்றை நடத்துவோரும் பழமைவாதிகளே. பெரியவர்களின் பேச்சுரிமை வேறு, குழந்தைகளுக்கு எது தகும் என்று பெற்றோர் முடிவுசெய்வது வேறு என்பது அவர்களின் சமாதானம். என் பிள்ளைக்கு எது வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊரார் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லும் உரிமையாக மாறும் இடத்தில் அந்தச் சமாதானம் நின்றுவிடுகிறது.

ஜனரஞ்சகத் தலைவர்களைப் பழமைவாதிகள் என்று கொள்ளலாமா?

பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், உங்கள் பிரதிநிதி தம் உழைப்பை மட்டுமல்ல, தம் சொந்தத் தீர்ப்பையும் உங்களுக்குத் தரக் கடமைப்பட்டவர், உங்கள் கருத்துக்காக அதைப் பலிகொடுத்தால் அவர் உங்களுக்குத் துரோகம் செய்கிறார் என்றார். ஆறு ஆண்டுகளில் அந்தத் தொகுதியை அவர் இழக்க நேர்ந்தது. மக்களின் உண்மையான குரல் நான் ஒருவனே, குறுக்கே நிற்கும் நீதிமன்றமும் இதழ்களும் எதிரிகள் என்று பேசும் தலைவர், எந்த மதத்தைப் போற்றினாலும், எந்தக் கொடியை அசைத்தாலும், இந்த மரபிலிருந்து வெகுதொலைவில் நிற்கிறார். 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவை ஏற்க மறுத்த டிரம்பின் நெருக்குதலுக்கு இணங்காமல், மாநிலங்கள் அனுப்பிய வாக்குகளை விதிப்படி எண்ணி அறிவித்த துணைக் குடியரசுத் தலைவர் மைக் பென்ஸ் தம்மை எப்போதும் பழமைவாதி என்றே சொல்லிக்கொண்டவர். அன்று மேலவைக்குள் அத்துமீறி நுழைந்தவர்களில் பலரும் தங்களை அப்படியே சொல்லிக்கொண்டார்கள். மேலே சொன்ன அளவுகோலின்படி இரு தரப்பும் ஒரே பெயருக்கு உரியவர்கள் அல்லர்.

சில விஷயங்களில் மட்டும் பழமைவாதியாக இருக்க முடியுமா?

பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறார்கள். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடைவிதிக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய தொழில்நுட்பம் பாதுகாப்பானது என்று நிரூபிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதே என்ற அசல் பழமைவாத வாதத்தை அங்கே சட்டமாக்கியது தொழிற்கட்சி அரசு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்க வேண்டும் என்ற விதிக்கு 1919ஆம் ஆண்டு அரசமைப்பிலிருந்தே பாதுகாப்பு உண்டு. பெர்லின் நகரம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க அனுமதித்தபோது தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன. 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் அவற்றின் பக்கம் நின்றது. அந்த ஓய்வுநாளைக் காக்க தேவாலயங்களோடு கைகோத்திருப்பவை தொழிற்சங்கங்கள். ஒரு தரப்புக்கு அது வழிபாட்டு நாள், மறுதரப்புக்குத் தொழிலாளர் உரிமை. கடையைத் திறக்கச் சொல்லி வாதாடுபவர்களில் வணிகச் சுதந்திரம் பேசும் பழமைவாதிகளும் இருக்கிறார்கள்.